நீர்யானைக்கு அன்று ஏகாதசி

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்துச் சுவரில் ஒருவர் காதுகுத்து போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து காய்ச்சிய மைதாப் பசை மணந்தது. உங்களுக்கு எப்படியோ, எனக்கு அந்த வாசனை வந்தால் பசி எடுக்கும். சிரிக்காதீர்கள். முதல் வேலையில் வாரம் தவறாமல், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில், நான் அந்தப் பசையைக் காய்ச்சியிருக்கிறேன். வகுப்பில் ஒருவன் அதை வழித்துச் சாப்பிடவும் செய்தான். நன்றாகத்தான் வளர்ந்தான்.

துறையூரிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராகச் சேர்ந்த காலம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது, வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். நூலகம் என்பது ஒரு தகரப் பெட்டி. அதில் ஆறு புத்தகங்கள் ஆப்பிளில் ஆரம்பித்து வரிக்குதிரையில் முடிந்தன. ஏழாவதற்கு அட்டை இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை. நடுவில் இருந்த எழுத்தெல்லாம் தூண்டில் முள்ளைக் கொட்டி வைத்தது போல இருந்தது. தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய மிஸ் என்போம். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இது என்ன பாஷைங்க மிஸ்?”

அவர் நேராகப் பார்த்தார், பிறகு தலைகீழாகப் பார்த்தார். “ஏதோ வெளிநாட்டுது. படத்தைக் காட்டுங்க, போதும்.”

படம் என்னவோ அற்புதமான படம். ஒரு தொட்டிக்குள் நீர்யானை கழுத்து வரை உட்கார்ந்திருக்கும். அடுத்த பக்கத்தில் தொப்பி போட்ட ஆடு சைக்கிளில் வரும். அதற்கடுத்து இரண்டும் ஒரு கதவின் முன்னால் நிற்கும். அவ்வளவுதான், அதற்கு மேல் கிழிந்துவிட்டது. எனக்குக் கதை தெரியாததால் பிள்ளைகளையே கேட்டேன். “இது ஏன் தொட்டியில உக்காந்திருக்கு?”

“காவேரில தண்ணி வரல மிஸ், அதான்” என்றது ஒன்று. மறுநாள் நீர்யானை டியூஷனுக்குப் பயந்து ஒளிந்திருந்தது. அதற்கு மறுநாள் டவுசர் கிழிந்துவிட்டதால் எழுந்திருக்க முடியவில்லை. ஆடு சிலசமயம் போலீஸ், சிலசமயம் தபால்காரர், ஒருமுறை மாப்பிள்ளை. இருபத்தாறு ஜோடிக் கைகள் புரட்டிப் புரட்டிப் புத்தகம் பிய்ந்துகொண்டே இருந்தது. அதற்குத்தான் அந்தப் பசை. சில மத்தியானங்களில் புத்தகம் பெட்டியில் இருக்காது; மறுநாள் தானாகத் திரும்பி வந்திருக்கும்.

ஒருநாள் பசை தின்றவனின் அம்மா புகாரோடு வந்தார். “ஒரே புத்தகத்துக்கு நாலு கதை சொல்றான். பொய் சொல்லக் கத்துக் குடுக்கறீங்களா?”

பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டு விட்டார். “ஆண்டு விழாவுல இந்தக் கதையச் சொல்ல வைங்க. யாரக் கேட்டாலும் ஒரே கதைதான் வரணும். இல்லேன்னா நீங்க துறையூர் பஸ்ஸப் பிடிக்க வேண்டியதுதான்.”

ஊரெல்லாம் எனக்கு வேலை கிடைத்த செய்தியைப் பரப்பியிருந்த என் அப்பாவின் முகம் கண்ணில் வந்துபோனது. அன்றே உட்கார்ந்து ஒரு கதை எழுதினேன். ‘ஒரு நல்ல நீர்யானை இருந்தது. அது தினமும் குளித்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றது. ஆடு அதைப் பாராட்டியது.’ எழுதும்போதே கொட்டாவி வந்தது. இரண்டு வாரம் ஒப்பிக்க வைத்தேன்.

மேடைக்கு வேதவல்லியைத் தேர்ந்தெடுத்தேன். நாலரை வயது, கணீரென்ற குரல். அவளுடைய அப்பா விரதம் ஆசாரம் எல்லாவற்றிலும் பெயர் போனவர். ஏகாதசியன்று தண்ணீர்கூடத் தொடமாட்டார் என்று தெருவே சொல்லும். விழாவன்று முதல் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார்.

மைக்கைப் பிடித்த வேதவல்லி, “ஒரு நல்ல நீர்யானை இருந்தது” என்று சரியாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு, பின்னால் நான் பெரிதாக வரைந்து மாட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேதான் தவறு நடந்தது.

“இன்னிக்கு நீர்யானைக்கு ஏகாதசி. அதனால ஒண்ணும் சாப்பிடப்படாது. ஆனா அதுக்குப் பசிக்கறது. அதான் தொட்டிக்குள்ள ஒளிஞ்சுண்டு போண்டா திங்கறது. எங்கப்பாவாட்டம்.”

வேதவல்லியின் அம்மா மெல்லத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணுதான்” என்றார் அவர்.

“ரெண்டுப்பா!” என்றாள் வேதவல்லி மைக்கில்.

பிறகு கேட்க வேண்டுமா? நாற்காலிகள் குலுங்கின. அந்தச் சிரிப்பில், புகார் சொன்ன அம்மாவே எழுந்து நின்றார். “அது போண்டா இல்லீங்க, தொட்டிக்குள்ள அதோட குட்டி இருக்கு. பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுவுது” என்றார். பின்வரிசையில் ஒருவர் அதெல்லாம் இல்லை, ஆடு வாடகை கேட்க வந்திருக்கிறது என்றார். ஆளாளுக்கு ஒரு கதை. பெரிய மிஸ் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். நான் மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

“எல்லாரும் உக்காருங்க!” என்று அதட்டினார். “ஆடு யாருன்னு உங்க ஒருத்தருக்கும் தெரியல. அது நீர்யானையோட சம்சாரத்துக்கு அண்ணன். சமாதானம் பேச வந்திருக்கு.”

மத்தியான வேளைகளில் புத்தகம் பெட்டியிலிருந்து யாரிடம் போகிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. துறையூர் பஸ்ஸைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. அந்தப் பள்ளியில் ஒன்பது வருடம் இருந்தேன்.

இப்போது அங்கே பள்ளி இல்லை; கார் நிறுத்துகிறார்கள். பெரிய மிஸ் கே.கே. நகரில் மகளோடு இருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன் பார்க்கப் போனபோது அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நாங்கள் ஆட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மகள் சும்மா இருக்காமல் ஃபோனை அந்தப் பக்கத்துக்கு நேரே பிடித்தார். தூண்டில் முள்ளெல்லாம் நல்ல தமிழாக மாறித் திரையில் வந்தது: ‘காதுகளின் பின்புறத்தையும் எங்கள் சோப்பால் நன்கு தேய்க்கவும்.’

யாரோ ஒரு சோப்புக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த விளம்பரப் புத்தகம்.

பெரிய மிஸ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “அந்த ஃபோன அந்தப் பக்கம் வைம்மா. அதுக்கு என்ன தெரியும்” என்றார்.

கிளம்பும்போது புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டார். வீட்டில் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் அந்த நீர்யானை இப்போது குளித்துக்கொண்டுதான் இருக்கிறது.