முத்துச் சல்லடை பூட்டிய மோட்டார் சைக்கிள்

“அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டா வயித்துப்பிள்ளை வெளிய வராதுளா, உள்ளேயே ஒளிஞ்சுக்கிடும்” என்று தூத்துக்குடியில் மூத்த தாதி ஒருத்தி என்னிடம் சொன்னாள். நான் பிரசவத் தாதிப் பரீட்சை தேறியிருந்த புதிது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவள் சிரித்த சிரிப்பை நான் லேசில் விடுவதாக இல்லை.

வண்டி என் அண்ணன் துரைப்பாண்டியுடையது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரத் தொட்டி உண்டு. சைலன்சரின் உள்தகடுகள் துருப்பிடித்து உதிர்ந்து, வெறும் கூடுதான் மிச்சம்.

1947 தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை விடியலில் மணப்பாட்டிலிருந்து ஆள் வந்தான். சலேத்தம்மாள் என்ற பெண்ணுக்கு எட்டு மாதக் கர்ப்பத்தில் வலிப்பு. புருஷன் தோணியில் கொழும்பு போயிருக்கிறான். முப்பத்தாறு மைல். ரேஷன் கூப்பனில் மிச்சமிருந்த இரண்டு காலன் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு ஆறு மணிக்குப் புறப்பட்டோம்.

பழையகாயல் தாண்டி ஆத்தூரில் வெற்றிலைக் கட்டு ஏற்றிய வண்டியின் மாடுகள் எங்களைக் கேட்டு மிரண்டன. “ஏலே, இது வண்டியா, வாணவேடிக்கையா?” என்று வண்டிக்காரர் கத்தினார். திருச்செந்தூரில் அண்ணன் ஓரணாக் காப்பிக்கு இரண்டு நிமிஷம் கேட்டான். நான் கொடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மணப்பாடு. வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்கும் உள்ளே பெண்கள் அலறுவதற்கும் சரியாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சலேத்தம்மாளின் உடம்பு வில்லாக வளைந்து உதறிக்கொண்டிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலிப்பு அடங்கும்வரை பிடித்திருந்தேன். கால் இரண்டும் தூணாக வீங்கியிருந்தன. இந்த நோய்க்குச் சத்தமும் வெளிச்சமும் ஆகாது. ஒவ்வொரு அதிர்ச்சியும் இன்னொரு வலிப்பைக் கொண்டுவரும், எந்த வலிப்பும் கடைசியாகலாம் என்று படித்திருக்கிறேன். இந்த வலிப்பைக் கொண்டுவந்தது எங்கள் வண்டி.

அவள் மாமனார் கஸ்பார், முத்து வியாபாரி, வாசலில் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். “உம்ம தங்கச்சி மருந்து கொண்டாந்தாளா, வேட்டு கொண்டாந்தாளா?”

அறுவை செய்யும் டாக்டர் தூத்துக்குடியில்தான். தோணியில் போகலாமா என்று கஸ்பாரிடம் கேட்டேன். “வாடைக்காத்து மூஞ்சில அடிக்கி. கரை சேர நாளைக்கு ஆகும்” என்றார். மாட்டு வண்டியும் அப்படியே. வேறு வழி இல்லை; எங்கள் வண்டிதான், ஆனால் அது வாயைத் திறக்கக் கூடாது.

அண்ணன் சைலன்சர் கூட்டைக் கழற்றினான். “ஓட்டைத் தகடு நாலஞ்சு வேணும். புகை முட்டி முட்டிப் போனா சத்தம் செத்துரும்.”

கஸ்பார் உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். முத்துத் தரம் பிரிக்கும் பித்தளைச் சல்லடைகள், கிண்ணம்போலப் பத்து. பெரிய ஓட்டைச் சல்லடையில் தொடங்கி ஒவ்வொன்றாக இறக்கினால் அந்தந்த அளவு முத்து அங்கங்கே நிற்கும். அவரே கம்பி வளையங்களை இடையில் கொடுத்து, பெரியது முதலில், பொடி ஓட்டை கடைசியில் என்று பத்தையும் கூட்டுக்குள் அடுக்கினார்.

வண்டியை மணல்மேட்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போய் உதைத்தோம். இரண்டு இருமல், நின்றது. மறுபடி உதைத்தான், மறுபடி நின்றது. வீட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்து, மறுபடி கை இழுக்கிறது என்றாள்.

கடைசிச் சல்லடையை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டைகள் ஊசிக் கண் அளவுதான்; புகை போக வழியில்லை. “அண்ணாச்சி, முத்து நிக்கணும்னு அடுக்கியிருக்கீரு. இங்கன எதுவும் நிக்கக்கூடாது.”

கஸ்பார் என்னையும் சல்லடையையும் மாறிமாறிப் பார்த்தார். “பழக்கம் விடமாட்டேங்கு தாயி” என்று பொடி ஓட்டைச் சல்லடைகள் ஆறையும் தாமே உருவி எடுத்தார். மிச்சம் நான்கை, ஒன்றின் ஓட்டை அடுத்ததன் ஓட்டைக்கு நேராக வராமல் திருப்பி வைத்தோம். இப்போது உதைத்தபோது, அடுத்த தெருவில் மாவு இடிப்பது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தொட்டியில் மெத்தை போட்டு அவளைச் சாய்த்து, காதில் பஞ்சு அடைத்து, கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். நான் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மேடுபள்ளம் வந்த இடங்களில் ஒற்றை மாட்டு வண்டிகூட எங்களை முந்தியிருக்கும். காயல்பட்டினத்தருகே அவள் விரல்கள் துடிக்கத் தொடங்கின. அண்ணன் முதுகைத் தட்டினேன்; எஞ்சினை அணைத்தான். மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தேன். துடிப்பு மெல்ல அடங்கியது. திரும்பப் புறப்பட்டுக் கால் மைல் போனதும் அவள் உதடு அசைந்தது.

“வண்டி ஏன்க்கா இன்னும் நிக்கி?”

“ஓடுதும்மா” என்றேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, குரல் பெரிது. சலேத்தம்மாளுக்கு வழியில் ஒரு வலிப்பும் வரவில்லை. மறுநாள் வந்த கஸ்பாரிடம் அண்ணன் சல்லடைகளைக் கழற்றித் தரவா என்று கேட்டான். “எதுக்கு? முத்துக்குளிப்பு எப்பன்னு சர்க்காருக்கே தெரியல. வண்டியிலயே கிடக்கட்டும்” என்றார்.

பிழைத்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த வீங்கிய கால்கள்தான் கண்ணில் நின்றன. ஒரு மாதத்துக்கு முன்பே யாராவது பார்த்திருந்தால் இந்த முப்பத்தாறு மைல் ஓட்டம் நேர்ந்திருக்காது.

சில நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் கூப்பிடாமலே, மறுபடி மணப்பாடு போனோம். வண்டி வந்தது தெருவில் ஒருவருக்கும் கேட்கவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். மூன்றாவது வீட்டில் நிறைமாதக்காரி ஒருத்தியின் வீங்கிய கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, விரலை எடுத்த பிறகும் மேலே எழும்பவில்லை. அவளைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டேன்.