மலைக்கு முகம் காட்டி இறங்கினேன்

ஜுருவில் லோரிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், விடிந்தால் கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குக் கொடிமலை தெரியும். நீலத் தாளைக் கிழித்து வானத்தில் ஒட்டியதுபோல் தட்டையாக இருக்கும். அதற்கு உள்ளே என்று ஒன்று உண்டென நான் நினைத்ததில்லை. ஊர் ஊராக வேலை தேடி அலைந்தவனுக்கு மலை என்பது பஸ் ஜன்னலில் கடந்துபோவது.

ஒருநாள் லோரியிலிருந்து விழுந்தேன். வலது முழங்கால் போயிற்று. பினாங்குக்கு வந்து, சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் காலத்தை ஓட்டினேன். பிறகு லோரி முதலாளி போன் செய்தார்.

"திங்கக்கிழமை வா. முட்டி தாங்காதுன்னா இப்பவே சொல்லிடு லா, வேற ஆள் பார்க்கணும்."

தாங்குமா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஞாயிறு காலையில் மலையடிவாரத்துக்குப் போனேன்.

அங்கே தண்ணீர் நிரப்பிய கேன்கள் வைத்திருந்தார்கள். பாதி மலையில் ஒரு தேநீர்க் கொட்டகை. ஏறுகிறவர்கள் முடிந்ததைத் தூக்கிப்போய்க் கொடுப்பார்கள். அந்தத் தண்ணீரில்தான் எல்லாருக்கும் தேநீர். நான் இரண்டு கேன் எடுத்தேன். சின்ன போத்தலோடு வந்த ஓர் அக்கா பார்த்தார்.

"ரெண்டா? யாருக்குத் தம்பி காட்டுற?"

"முட்டிக்கு, அக்கா."

சாலை செங்குத்தாக ஏறியது. இரண்டு வளைவுக்குள் பட்டணத்துச் சத்தம் நின்றுபோனது. மரங்களுக்குக் கீழே எங்கோ தண்ணீர் ஓடியது, கண்ணுக்குப் படவில்லை. ஒரு பள்ளத்தை எட்டிப் பார்த்தேன், அடி தெரியவில்லை. தாள் என்று நினைத்ததற்குள் இவ்வளவு ஆழம் இருந்தது. முழங்கால் வலியை மறந்து நின்றேன்.

கொட்டகையில் கேன்களை இறக்கினேன். முழங்கால் தாங்கிவிட்டது என்று தேநீரை நிம்மதியாகக் குடித்தேன். இறங்க ஆரம்பித்ததும் நாலாவது அடியில் அது மடங்கியது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை வேலை போனது என்றே நினைத்தேன்.

பின்னால் வந்த அதே அக்கா சிரித்தார். "ரோட்டுல கெரெத்தாவைப் பின்னால எடுக்கிற மாதிரி கோஸ்தான் எடு தம்பி. இங்க பாதிப் பேரு ரிவர்ஸ்லதான் இறங்குறாங்க. நான் பின்னால பார்த்துச் சொல்றேன்."

திரும்பி நின்று பின்பக்கமாக நடந்தேன். வலி இருந்தது, ஆனால் கால் மடங்கவில்லை. "வளைவு வருது... லெப்ட்ல பள்ளம்..." என்று அக்காவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்கு முன்னால் மலை. ஏறும்போது கால் வைக்கும் இடத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வோர் அடிக்கும் அது இன்னும் உயர்ந்தது. உச்சியிலிருந்து மேகம் மரங்களுக்குள் இறங்கியது. நான் சிறிதாகிக்கொண்டே போகிறேன் என்று தோன்றியது. அதில் வருத்தம் இல்லை. அடிவாரம் வந்தபிறகும் முகத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

திங்கட்கிழமை லோரியில் பெட்டியை வைத்துவிட்டு, லோரிக்கு முகம் காட்டி, பலகையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னடா, கோஸ்தானா?"

"ஆமாண்ணே. இப்படித்தான் முடியும்."

முதலாளி என் முட்டியைப் பார்த்தார். பிறகு அடுத்த பெட்டியைக் காட்டினார்.