தமிழில் பிழை சொல்லும் பில்ட்

ஒரு சோடி செருப்பு வாங்கவே இரண்டு தரம் கண்டிக்குப் போய் வருகிறவள் என்று திகனயில் மஸாஹிராவின் வீட்டார் சொல்வார்கள். அந்தக் கதை அலுவலகத்திலும் தெரியும்; அங்கேயும் அவள் அப்படித்தான்.

கட்டுகஸ்தோட்டையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தச் சிறிய அலுவலகம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மின் தராசுகளுக்கு அங்கே மென்பொருள் எழுதுகிறார்கள். நிறையையும் அதில் கழிக்கும் அளவையும் கொழுந்து பறிப்பவர்களே வாசிக்கலாம். தராசின் திரையில் தமிழும் வரும்.

எழுதியதைத் தராசுக்குள் ஏற்றக்கூடிய கோப்பாக மாற்றுவதுதான் பில்ட். அதற்கான ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு, மஸாஹிரா எழுதியது. திரை சிறியது. ஒரு சொல் அதற்குள் அடங்காவிட்டால், "பிழை: வரி 9, சொல் நீளம்" என்று ஸ்கிரிப்ட் தமிழிலேயே சொல்லும். அது நிரோஷாவுக்காகச் செய்தது. ஹந்தானையிலிருந்து வரும் நிரோஷா தமிழில் படித்தவள். திரைச் சொற்கள் அவள் பொறுப்பு. பிழையை வாசித்து அவளே திருத்திக்கொள்வாள்.

பொறுப்பாளர் கோசலா யாழ்ப்பாணத்துக்காரர். மென்பொருள் எழுதும் செயலியான எடிட்டர் ஆளுக்கொன்றாக இருந்தது போதும், இனி எல்லாரும் தன்னுடையதையே பாவிக்க வேண்டும் என்றார். முதல் நாளே நிரோஷா அதில் பில்டை அழுத்த, பிழையில்லை என்று பச்சை அடையாளம் வந்தது. தராசிலோ சொல் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. ஸ்கிரிப்ட் "பிழை" என்றுதான் சொல்லியிருந்தது. எடிட்டர் தேடியது ஆங்கிலச் சொல்லை.

"ஸ்கிரிப்டை இங்கிலிஷில மாத்தினா முடிஞ்சுது. அஞ்சு நிமிச வேலை," என்றார் கோசலா.

"இங்கிலிஷ்ல வந்தா எனக்கு வெளங்காது, ஒவ்வொரு தடவையும் மஸாஹிரா அக்காவத்தான் கூப்புடணும்," என்று நிரோஷா சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"ரெண்டு நாள் தாங்க மிஸ், வேற எடிட்டர் ஈக்கிதா பாக்கிறேன்," என்றாள் மஸாஹிரா.

"செருப்பு மாதிரித்தானே? பாரும். ஆனா எல்லாருக்கும் ஒண்டுதான்."

மஸாஹிரா தன் மேசையில் அல்ல, நிரோஷாவின் மேசையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்பதாவது வரியில் வேண்டுமென்றே ஒரு நீளச் சொல்லைப் போட்டாள். ஒரு எடிட்டர் அழகாக இருந்தது. தனக்குப் பழக்கமான பில்ட் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. இன்னொன்று ஸ்கிரிப்டை ஓட்டியது. ஆனால் தமிழ் எழுத்துகளைக் கொம்பு வேறு கால் வேறாகக் காட்டியது. கடைசியாகப் பார்த்தது ஒரு சாம்பல் நிற எடிட்டர். எந்த ஸ்கிரிப்டை ஓட்டுவது, பிழை எந்த வடிவில் வரும் என்று அதற்கு நாமே எழுதிக் கொடுக்கலாம். "பிழை" என்று எழுதிக் கொடுத்தாள். பில்டை அழுத்தினாள். ஒன்பதாவது வரி சிவந்தது. பிழை இருந்தும் ஒழுங்காக முடிந்ததுபோல் நின்றுவிடும் தன் ஸ்கிரிப்டையும் அன்றே திருத்தினாள்.

கோசலா வந்து பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாள் பழகினதை விடோணுமோ?"

"எல்லாருக்கும் ஒண்ணுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க."

"ஓம், சொன்னன்தான்," என்று தன் கதிரைக்குத் திரும்பினார்.

பிற்பகலில் நிரோஷா சிவந்த வரியைத் தானே வாசித்து, சொல்லைச் சுருக்கி, மறுபடி அழுத்தினாள். பச்சை வந்தது. தராசில் சொல் முழுதாக நின்றது. யாரையும் கூப்பிடவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து கோசலாவின் குரல் கேட்டது.

"நிரோஷா, இதில பில்டுக்கு எந்த கீ?"