அகேயோவின் முகம் ஊரெல்லாம் ஓடிய நாள்

ஏரிக்கரையிலுள்ள ஹோமா பே ஊரில் பாதிப் பேருக்கு இணையத்தின் கதவைத் திறந்துவிட்டவள் பெனினா அகேயோ. பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில், பழைய கணினிகள் சிலவற்றோடு ஓர் இணையக் கடை இருந்தது. முதலாளி பக்கத்து நகரமான கிசுமுவில் இருந்தார். கடையைப் பார்த்துக்கொண்டவள் இவள். அன்றைக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணைப்பு. கீச்சிட்டு, கரகரத்து, கெஞ்ச வைத்துத்தான் பிடிக்கும். ஒரு படத்தைத் திறந்தால் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். நெற்றி வரும், கண் வரும், மூக்கு வருவதற்குள் மின்சாரம் போய்விடும்.

"மூக்கே வராத மாப்பிள்ளைய நம்பி எப்படி அக்கா சரின்னு எழுதுறது?" என்று ஒருத்தி கேட்டாள். கடை முழுக்கச் சிரித்தது.

எல்லோரும் அரட்டை அறைகளுக்குத்தான் வருவார்கள். அங்கே ஒருவருக்கும் சொந்தப் பெயர் இல்லை. தபால் அலுவலகத்துக் குமாஸ்தா 'சிங்கம்'. கோயில் பாட்டுக் குழுப் பெண் 'கறுப்பு ரோஜா'. அகேயோவே 'ஏரிக்காற்று' என்ற பெயரில் நைரோபிக்காரர்களோடும் அதற்கு அப்பால் எங்கெங்கோ இருந்தவர்களோடும் வம்பளப்பாள். புதிதாக வருபவர்களிடம், "இங்க யாருக்கும் மூஞ்சி கிடையாது, தைரியமா பேசுங்க" என்பாள்.

ஒகாலோ வாத்தியார் அப்படி வந்தவர்தான். வெளிநாட்டிலிருந்த தம்பிக்குக் கடிதம் எழுத வேண்டும் அவருக்கு. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவார். எழுத்து அகப்படாவிட்டால் கணினியை மாணவனைப் போல அதட்டுவார். அகேயோ பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பாள்.

பிறகு காலம் மாறியது. நிஜப் பெயரும் நிஜப் படமும் கேட்கும் தளங்கள் வந்தன. முகத்தைக் காட்டத் தயங்கியவர்களே புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, "நல்லா ஒரு படம் எடுத்துப் போடு அகேயோ" என்று நின்றார்கள். அடுத்து எல்லார் கையிலும் போன் வந்தது. மாடிக் கடை மூடப்பட்டது. அகேயோ சந்தையில் மீன்காரி ரிஸ்பாவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டிக் கடை போட்டாள். போன் உறை, சார்ஜர் விற்பாள். கேட்பவர்களுக்கு அந்தத் தளங்களில் பக்கம் திறந்து கொடுப்பாள். ஒகாலோ வாத்தியார் டை கட்டிக்கொண்டு நிற்கும் படத்தை எடுத்து ஏற்றியவளும் அவளே.

முன்பெல்லாம் மனிதர்கள் பக்கங்களைத் தேடிப் போனார்கள். இப்போது பக்கங்கள் மனிதர்களைத் தேடி வந்தன. கேட்காமலே ஒரு வீடியோ ஓடும். அது முடியுமுன் அடுத்தது வந்து நிற்கும். சந்தையே குனிந்த தலையோடு இருந்தது. அகேயோவுக்கு அதில் பயம் ஒன்றும் இருக்கவில்லை. அது அவள் பிழைப்பு.

ஒரு சந்தை நாள் முற்பகலில், சோள மூட்டைகளுக்கு நடுவே மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டு நின்றாள். பெயர் கேட்டால் சொல்லவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை. அகேயோ கையைப் பிடித்துக்கொண்டு போலீஸ் சாவடிக்கு நடந்தாள். பிள்ளை வீறிட்டு, திமிறி, தரையில் உட்கார்ந்தது. அகேயோ இழுக்கவும் தூக்கவுமாக ஒருவழியாகக் கொண்டுபோய் அங்கிருந்த பெண் போலீஸிடம் விட்டுவிட்டுத் திரும்பினாள். வந்து உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்குள் ரிஸ்பா செதில் ஒட்டிய கையால் போனை நீட்டினாள்.

"அடியே, இது நீதானே?"

அகேயோ பார்த்தாள். அவளேதான். பிள்ளை அலறுகிறது, இவள் இழுக்கிறாள். படம் பிடித்தவனின் குரல் கேட்டது: "பாருங்க மக்களே, பட்டப்பகல்ல பிள்ளைய இழுத்துட்டுப் போறா! மூஞ்சிய நல்லாப் பாத்துக்குங்க!" போலீஸ் வாசல் வருவதற்கு முன்பே வீடியோ அறுந்துபோயிருந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "பைத்தியக்காரப் பய. இரு, பதில் எழுதுறேன்" என்று தன் போனை எடுத்தாள். 'அது நான்தான். வழி தவறிய பிள்ளை. போலீஸில் ஒப்படைத்துவிட்டேன்' என்று எழுதினாள்.

அவள் செய்த பெரிய பிழை அதுதான். எழுதியது அவள் பெயரில், அவள் பக்கத்திலிருந்து போனது. பக்கத்தில் கடையின் படம், சந்தையில் எந்த மூலை என்ற விவரம், தொலைபேசி எண் எல்லாம் அவள் கையாலேயே போட்டு வைத்தது. 'இதோ ஆள் சிக்கிட்டா, மீன் சந்தையில இருக்கா' என்று ஒருவன் அதையெல்லாம் எடுத்து ஒட்டினான். அவளுடைய விளக்கம் கீழே கீழே போய்ப் புதைந்தது. மேலே மேலே ஆட்கள் வந்து குவிந்தார்கள். 'விடாதீங்க.' 'கையை ஒடிங்க.' அவற்றின் நடுவே டை கட்டிய ஒரு முகம். ஒகாலோ வாத்தியார். 'போலீஸ்கிட்டக் கொடுத்தா வெளிய வந்துடுவா. டயர் ஒண்ணு போதும்' என்று எழுதியிருந்தார்.

டயர் என்றால் கழுத்தில் மாட்டி உயிரோடு கொளுத்துவது என்று அந்தச் சந்தையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அகேயோ கடையை மூட எழுந்தாள். போன் அடித்தது. யாரென்று தெரியாத எண். நின்றது. வேறொரு எண் அடித்தது.

"போன அணைச்சுத் தொலை! உள்ள வா," என்று ரிஸ்பா அவள் கழுத்தைப் பிடித்து அமுக்கி, மேசைக்கு அடியில் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னே தள்ளி, தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

மோட்டார்சைக்கிள்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, ஒரு கூட்டம்.

"இந்தக் கடைக்காரி எங்க?"

"அவளா? அப்பவே கிசுமு வண்டி ஏறிட்டா," என்றாள் ரிஸ்பா. "எனக்குத் தர வேண்டிய பாக்கியையும் தராம ஓடிட்டா, சனியன்."

"ஓடிட்டாளா? அப்ப அவதான்டா!"

தகரப் பெட்டி கவிழ்ந்தது. கண்ணாடி நொறுங்கியது. இவள் வரிசையாக மாட்டிவைத்த உறைகளை யாரோ மிதித்தார்கள்.

"என் பேஜ அவதான்டா திறந்து குடுத்தா," என்றது ஓர் இளம் குரல்.

"அப்ப உன்னையும் வித்துருப்பா. போய்ப் பாரு!"

சிரித்தார்கள். அகேயோவுக்கு அந்த இளம் குரல் தெரியும். முந்தைய வாரம் அவளை அக்கா என்று கூப்பிட்ட குரல். மீன் தண்ணீர் பாவாடையை நனைத்துக் கொண்டிருந்தது. தன் உடம்பிலிருந்து இறங்கிய சூடு அதில் கலந்ததை அவள் உணர்ந்தாள், வெட்கப்படக்கூட நேரமில்லை. 

"அடியில என்ன இருக்கு?" தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு செருப்புக் கால் தெரிந்தது.

"உங்க ஆத்தா இருக்கா! என் மீன்ல கைய வச்சா செதிலோட சேத்துச் சீவிடுவேன்!" ரிஸ்பா வாளித் தண்ணீரை வீசினாள். கால் பின்வாங்கியது. கூட்டம் கலையவில்லை. பெட்ரோல் கொண்டு வந்தாயிற்றா என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்டான், தேநீர் வந்ததா என்று கேட்பது போல.

அப்போதுதான் அந்தப் பெண் போலீஸ் விசில் ஊதிக்கொண்டு வந்தாள். கூடவே மஞ்சள் கவுன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மில்கா, அதன் தாய். போலீஸ் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மில்கா ஒரு சோடாப் பெட்டி மேல் ஏறினாள்.

"இது என் பிள்ளை! நான் பெத்தது! துணி பேரம் பேசினேன், கையை விட்டுட்டேன். அந்தம்மா கொண்டுபோய் விட்டதாலதான் எனக்குக் கிடைச்சுது. யாரைக் கொளுத்தணும் உங்களுக்கு? என்னைக் கொளுத்துங்கடா!"

 பிறகு ஒருவன், "நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று வண்டியைத் திருப்பினான். ஒவ்வொருவராக அதையே சொல்லிக்கொண்டு போனார்கள். ரிஸ்பா தார்ப்பாயை விலக்கியபோது அகேயோ வெளியே வரவில்லை. "போயிட்டானுங்கடி, வா" என்று எத்தனை தடவை சொல்லியும், அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மில்கா பேசியதையும் ஒருவர் படம் பிடித்துப் போட்டார். அதை ஊரில் சில பேர் பார்த்தார்கள். முதல் வீடியோவோ மிகோரிக்குப் போனது, எல்லை தாண்டி முவான்சாவுக்குப் போனது. போகிற இடத்திலெல்லாம் அந்தந்த ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டது. புகார் எழுதி ஓரிடத்தில் அழிக்க வைத்தால் வேறோர் இடத்தில் முளைத்தது.

அகேயோ எம்பிட்டாவில் தங்கை வீட்டுக்குப் போய் ஒடுங்கினாள். ஒகாலோ வாத்தியார் அங்கே தேடி வந்தார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார்.

"சத்தியமா நீன்னு தெரியாது அகேயோ. மூஞ்சியவே நான் சரியாப் பாக்கல. எல்லாரும் எழுதினாங்க, நானும் எழுதிட்டேன்."

"நான் இல்லன்னா பரவாயில்லையா வாத்தியாரே?"

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தங்கை கொண்டுவந்த தண்ணீரையும் குடிக்காமல் போய்விட்டார்.

மழைக்காலம் முடிந்து அகேயோ திரும்பி வந்தாள். பெட்டிக் கடையை மறுபடி வைக்கவில்லை. ரிஸ்பாவோடு மீன் சுத்தம் செய்கிறாள். யாராவது போனை உயர்த்தினால், அது ஏரியைப் படம் எடுக்கத்தான் என்றாலும், கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

போன மாதம் கிஸீக்குப் போகும் வண்டியில், எதிர் இருக்கைப் பெண் அவளைப் பார்த்தாள். குனிந்து போனைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்து, பக்கத்திலிருந்தவனின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, யார் கண்டது. அகேயோ கூரையைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே, பெயர் தெரியாத ஓர் இடத்தில் இறங்கினாள். வண்டி வளைவில் மறையும்வரை முதுகைக் காட்டியபடி நின்றாள். பிறகு சாலையை விட்டு இறங்கி, ஆளில்லாத பக்கமாக நடந்தாள்.