எலும்பில்லாத ஆடு

எங்கள் வீட்டில் மச்சத்துக்கென்று தனிச் சட்டி ஒன்று இருந்தது. மீன், இறைச்சி, முட்டை எதுவானாலும் அதில்தான் காய்ச்ச வேண்டும். சைவச் சட்டிகளோடு அது சேரக்கூடாது. நான் சொல்லும் வருடத்தில் அந்தச் சட்டி அடுப்படி மூலையில் கவிழ்ந்தே கிடந்தது. சண்டையால் பாதை மூடியிருந்தது, வெளியிலிருந்து சாமான் வரவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை, வெங்காயம் காய்ந்துபோனது. கோப்பாயில் எங்கள் ஒழுங்கை முழுவதும் விரதம் பிடித்தது போலத்தான் இருந்தது. ஆனால் கடவுளுக்காக அல்ல.

அந்த நேரம் பார்த்து மாமிக்கு, அதாவது அப்பாவின் தமக்கைக்கு, சயரோகம் வந்தது. கலியாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்தவர். எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டதெல்லாம் அவர்தான். டாக்குத்தர், "குளிசை மட்டும் காணாது. முட்டை, மீன், இறைச்சி குடுங்கோ. இல்லாட்டி ஆள் தேறாது" என்றாராம். நல்ல மனுசன். அதையெல்லாம் எங்கே வாங்குவதென்றும் சொல்லியிருக்கலாம்.

அப்பா சைக்கிளில் கொழும்புத்துறைக்குப் போவார். கடலில் தூரம் போகத் தடை. கரையோரம் பிடிபட்ட மீனை வசதியானவர்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு, மிச்சமாய்க் கிடக்கும் சூடை மீனோ மட்டியோ கிடைத்தால் உண்டு. பெரும்பாலும் வெறும் பைதான் திரும்பி வரும். எங்கள் ஒற்றைக் கோழியின் முட்டை மாமிக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த மகாராணியோ தான் நினைத்த நாளில்தான் இடுவாள். மற்ற நாள்களில் கௌபிப் பயறும் முருங்கையிலையும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த வளவில் ஆடு அடித்துப் பங்கு போடுவார்கள். பனையோலையில் குவியல் குவியலாக இறைச்சி, ஒவ்வொன்றின் மேலும் ஈரலில் ஒரு துண்டு. மாமிக்கு ஈரல் என்றால் உயிர். அரைப் பங்காவது கேட்போம் என்று போன அப்பா, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அம்மா விடவில்லை. எங்கேயோ தேடி, சோயாவில் செய்யும் போலி இறைச்சியான சோயாமீற் வாங்கி, இறைச்சிக்குப் போடும் சரக்கெல்லாம் போட்டு, அந்த மச்சச் சட்டியிலேயே பிரட்டினார். வாசம் ஒழுங்கை முடியும் வரை போனது. "மச்சாள், ஆட்டிறைச்சி" என்று கோப்பையை நீட்டினார்.

மாமி ஒரு துண்டை மெல்ல மென்றார். "உந்த ஆட்டுக்கு எலும்பே இல்லையோடி?"

"அது நல்ல இளங்குட்டி, மச்சாள்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமியின் சிரிப்பு இருமலாகி, நிற்க வெகுநேரம் எடுத்தது.

மாரி முடியுமுன்னே மாமி போய்விட்டார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவர் ஆசைப்பட்ட மச்சம் எல்லாம் காய்ச்சிப் படைக்க வேண்டும். அதில் குறை வைத்தால் ஊர் கதைக்கும். நோய் தொற்றிவிடும் என்று படலைக்கு வெளியே நின்று சுகம் விசாரித்த சொந்தங்கள் அன்றைக்கு உள்ளே வந்தார்கள். ஒருவர் விளைமீன் கொண்டுவந்தார், ஒருவர் முட்டை, இன்னொருவர் முழுப் பங்கே கொண்டுவந்தார், ஈரலோடு. எங்கே இருந்தது இவ்வளவும்! அம்மா ஒருவரோடும் கதைக்காமல் காய்ச்சினார். படையல் இலையில் ஈரலை வைக்கும்போதுதான், "மச்சாள், இது எலும்புள்ள ஆடு" என்று சொல்லிக் குழறி அழுதார்.

பிறகு எங்களுக்கும் இலை போட்டார்கள். ஐயோ, என்ன ருசி! மாமி இல்லாத கவலை எனக்கும் இருந்ததுதான். நாக்குக்கு அது விளங்கவில்லை. விரலை நக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, அடுத்த எட்டு எப்ப வரும்?"

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. அடிக்கப் போகிறார் என்று பயந்தேன். அடிக்கவில்லை. தன் இலையில் தொடாமல் கிடந்த ஈரலை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அப்பாவுக்கு ஈரல் பிடிக்காதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதையும் தின்றேன்.