பிடிபடாத கை

நாற்பத்து மூன்றாவது குழியில் ஒன்றுமில்லை. நாற்பத்து நான்கில் ஒரு தூசி. நாற்பத்தைந்தில் சொட்டு கலங்கிப் பாலாகக் கிடக்கிறது. "இதுவும் போச்சு" என்று முணுமுணுத்தபடி நோட்டில் ஒரு சுழி போடுகிறார். கண் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழிகள், குழிக்குக் கடுகிலும் சிறிய ஒரு சொட்டு. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஆறு தட்டுகள் முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "குடிச்சா எழுந்து போகணும். போனா வரிசை மறந்துரும்." ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சொட்டக்கா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் "என்ன?" என்று திரும்புகிறார்.

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லி உடம்பு. குளிரூட்டிய அறையிலேயே காலம் போவதால் வெயில் நாளிலும் ஸ்வெட்டர். மேசையில் தேய்ந்துபோன முழங்கை இரண்டிலும் வேறு நிறத்தில் ஒட்டு. எதைக் கேட்டாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், பிறகுதான் பதில்.

பதினொரு வருடமாக அவர் துரத்துவது ஒரே ஒரு புரதத்தை. மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்று, தனக்குள்ளே ஒரு கிருமிக்கொல்லி மருந்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுகிறது. பாதி கட்டிய மருந்தை ஒரு நொதியிடமிருந்து வாங்கி அடுத்த நொதியிடம் கொண்டுபோய்க் கொடுப்பது இந்தச் சின்னப் புரதம். உடம்பு நான்கு சுருள். அதில் ஒட்டிக்கொண்டு நீளமாய், மெல்லிசாய் ஒரு கை. அந்தக் கை எங்கே போய் எப்படிப் பொருந்துகிறது என்று தெரிந்துவிட்டால், பழைய மருந்துக்கு மசியாத கிருமிகளுக்குப் புது மருந்து கட்டிப் பார்க்கலாம். ஆனால் தெரிய வேண்டுமென்றால் அந்தச் சொட்டுக்குள் புரதம் படிகமாக வளர வேண்டும். படிகத்தின் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால்தான் உருவம் கிடைக்கும்.

"மத்ததெல்லாம் ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் அடங்கி உட்காந்துரும். இவன் உட்கார மாட்டான். கை ஆடிக்கிட்டே இருக்கும். நமக்குத் தண்ணி காட்டுறதே இவனுக்குப் பொழப்பு" என்பார், புதிதாகச் சேரும் மாணவர்களிடம்.

பேருந்து ஓட்டும் கணவருக்கும் அவன் பழக்கமானவன்தான். "உன் ஆளு இன்னிக்காவது உட்காந்தானா?" என்று கேட்பார். இல்லை என்றால், "என் பஸ்ல ஏத்திவிடு. சீட்டு கெடச்சா எவனா இருந்தாலும் உட்காந்துதான் ஆகணும்." ஆரம்ப வருடங்களில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். இப்போது அவர் கேட்பதில்லை. மனைவி செருப்பைக் கழற்றும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நான்காம் வருடம் ஒரு குழியில் ஒரு படிகம் வைரம்போல் மின்னியது. பேராசிரியர் ஓடி வந்தார், கூடமே கூடிவிட்டது. சொட்டக்கா மெல்லிய ஊசி ஒன்றை எடுத்துத் தொட்டார். புரதம் என்றால் மெத்தென்று நொறுங்கும். இது கடக்கென்று உடைந்தது. "உப்பு" என்றார், அவ்வளவுதான். ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த குழிக்குப் போனார்.

அதற்கடுத்த வருடம் அவருக்கு ஒன்று தோன்றியது. "சார், கை ஆடுதுன்னா கட்டிப் போட்ருவோம். பக்கத்து நொதியோட சேத்து ரசாயனத்துல ஒரு கண்ணி மாட்டிட்டா, அப்புறம் எங்க போகும்?"

பேராசிரியர் நல்லவர். ஆனால் வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். "கட்டிப் போட்டு எடுத்த படத்துக்கு என்னம்மா மதிப்பு? தானா நிக்கணும்."

"சரி சார்" என்று வந்து, வரைந்து வைத்திருந்த நான்கு பக்கங்களோடு நோட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

போன வருடம் அசல் படிகம் வந்தது. ஊசி பட்டதும் ஓரம் மெத்தென்று நொறுங்கியது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்ததும், கணினித் திரையில் நீல வலைப்பின்னலாக உருவம் விரிந்தது. நான்கு சுருளும் அச்சு அசலாக இருந்தன. கை தொடங்கும் இடத்தில் மூன்று அணுக்கள். அதற்கப்புறம் வெறும் இருட்டு. படிகத்துக்குள்ளேயும் அது ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆடும் பொருள் படத்தில் விழாது. சொட்டக்கா குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கண்ணாடியில் பனி பூத்திருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

சென்ற வாரம் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். வேறு ஒரு தேசத்து ஆய்வுக்கூடம் கட்டுரை வெளியிட்டிருந்தது. அதே புரதம். பக்கத்து நொதியோடு ரசாயனக் கண்ணி மாட்டி, கையை முழுசாகப் பிடித்திருந்தார்கள்.

"எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க, பாத்தீங்களாம்மா! நமக்கு ஏன் இது தோணாம போச்சு?"

"தோணுச்சு சார்."

குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு வந்தது. "என்னம்மா?" என்றார் பேராசிரியர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல சார்."

பழைய நோட்டு, இரண்டடி தள்ளி அலமாரியில் இருந்தது. "அடுத்த மாசத்துலேர்ந்து வேற புரதம் எடுத்துக்கலாம். இதுல இனிமே நேரம் போட வேண்டாம்" என்றார் பேராசிரியர். சொட்டக்கா தலையசைத்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் கணவருக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நோட்ட எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்ட வேண்டியதுதான?"

"காட்டி? அவரும் சேந்து வருத்தப்படுவாரு. அதுக்கு மேல என்ன நடந்துடும்?" என்றவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பதினொரு வருஷங்க..." என்று தொடங்கினார். கணவர் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மீதித் தட்டுகளைச் சொட்டக்கா இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஏன் என்றால், "போட்ட சொட்டப் பாக்காம எப்படி விடுறது?" என்கிறார்.

நேற்று வாராந்தரக் கூட்டத்தில், அந்தக் கட்டுரையை விளக்கும் முறை ஒரு மாணவிக்கு வந்தது. பிற்பகல் மூன்று மணி. மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் நேரே சுவரில் காட்டிய படத்தின் மேல் விழுந்து எல்லாவற்றையும் வெளிற வைத்தது. "கை இங்கதான் மடிஞ்சு உள்ள போகுது... சரியாத் தெரியல" என்று மாணவி சுட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து சொட்டக்கா எழுந்தார். ஜன்னல் பக்கம் போய், அதன் திரைச்சீலையைக் கீழே வரை இழுத்துவிட்டு, ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தையும் உள்ளங்கையால் அழுத்தி மறைத்துக்கொண்டு நின்றார், எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை.