மூன்றாம் அறைக்கான வரிகள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் முதலமடைக்குப் போய், மாங்காய் பழுக்க வைக்கும் அந்த மூன்றாம் அறைக்குள் தனியாக நின்று பாருங்கள். நான் செல்வப்பிரியா. கொழிஞ்சாம்பாறைக்காரி. கோயமுத்தூரில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள். பேய் பிசாசுக்கெல்லாம் பயந்ததே இல்லை. மோசமாக எழுதிய புரோகிராமைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலமடையில் அந்த மாங்காய் மண்டியில் அறைக் கதவைப் பூட்டுவது, பழுக்க வைக்கும் வாயுவை விடுவது எல்லாமே ஒரு புரோகிராம்தான். எழுதியவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அதைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புரோகிராமைத் திறந்தால் ஏ1, பி2, எக்ஸ்எக்ஸ் என்று பெயர்கள்... எது எதற்கு என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. எந்த மொழியில் எழுதினால் என்ன, நாளைக்கு இன்னொருத்தர் படிப்பார் என்ற நினைப்பு வேண்டாமா? கண்றாவி! திட்டிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் புரிகிற மாதிரி பெயர் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் அறைக்கு மட்டும் தனியாகச் சில வரிகள் இருந்தன. பூட்டியதும் ஒரு நிமிஷம் பொறு. உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டால் கதவைத் திற. இல்லையென்றால் வாயுவை விடு. எழுந்து போய்ப் பார்த்தேன். தட்டலைக் கேட்கும் சென்சாரே கதவில் இல்லை. இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"ஏனுங்கண்ணா, இதுல இருந்த சென்சார் எங்க?"

மேனேஜர் சென்னிமலை என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் எதுக்குங்க அம்மணி... நான் ஊட்டுக்குப் போயி சாப்புட்டு வந்தர்றனுங்க." பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சென்சாரே இல்லை, அப்புறம் அந்த வரிகள் எதற்கு? அழித்தேன். புது புரோகிராமை ஏற்றிவிட்டு, உள்ளே வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க மூன்றாம் அறைக்குள் போனேன். பட்டப்பகல், மணி பன்னிரண்டே முக்கால்.

பின்னால் கதவு நகர்ந்தது... டக்.

யாரும் பொத்தானை அமுக்கவில்லை. விளக்கு அணைந்தது. உள்பக்கம் கைப்பிடி இல்லை. போன் வெளியே மேசைமேல் கிடந்தது.

உஸ்ஸ்ஸ்...

வாயு. இனி ஒரு முழு நாள் கதவு திறக்காது. நான்தான் படித்துப் பார்த்தேனே!

"சென்னிமலைண்ணா! தொறங்க!"

அறைந்தேன். கை எரிந்தது. யாரும் வரவில்லை. மாம்பழ வாசம் தொண்டையை அடைத்தது. செத்துப்போவேன் என்று தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

டொக்.

என் கைகள் வாய்மேல் இருந்தன.

டொக்.

என் காதுக்குப் பக்கத்தில்... உள்ளேயிருந்து.

டொக்.

கதவு திறந்தது.

வெளியே போய் விழுந்தேன். மண்டியில் ஓர் ஆள் இல்லை. சென்னிமலை திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"குப்பண்ணன்னு லோடு ஏத்தறவருங்க. போன வருசம், உள்ள இருக்காருன்னு தெரியாமப் பூட்டிப்போட்டாங்க. தட்டித் தட்டிப் பாத்துருக்காரு... யாருக்கும் கேக்கலீங்க. அப்பறந்தான் அந்தப் பையன் சென்சார் வெச்சு எழுதுனான்."

"அதை ஏன் கழட்டுனீங்க?"

"காலி ரூமைப் பூட்டுனாலும் தட்டுச்சுங்க அம்மணி. தெனமும்."

லேப்டாப்பை எடுத்தேன். அழித்த வரிகள் பழைய இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு மேலே, யார் படித்தாலும் புரிகிற மாதிரி, தமிழில் ஒரு வரி விளக்கம் இருந்தது.

'பொறுத்துப் பூட்டுங்க. உள்ள ஆளு இருக்குதுங்க.'